கோமதி ஆன்ட்டியும் சொல்லாமல் வரும் அழைப்புகளும்

“தோஹா நஜ்மா வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் ‘வேலை இருக்கு வாங்க’ குழுவில் இன்று காலை எட்டு மணிச் செய்தி வெளிவரவில்லை. அட்மின் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவதாக நம்பத் தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.”

கடந்த வியாழக்கிழமை இதை வாட்ஸ்அப்பில் போட்டவன் நான்தான். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பத்து நிமிடத்தில் அம்மா மாடிப்படியில் செருப்பில்லாமல் ஓடும் சத்தம் கேட்டது. நாலாவது மாடியில் அந்த அட்மின், கோமதி ஆன்ட்டி, டியூட்டிக்குக் கிளம்பிய கோலத்தில், கையில் சாவியோடு கதவருகே விழுந்து கிடந்தார். மாரடைப்பு.

அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வரும். அது இன்னும் மோசம்.

ஆன்ட்டியைத் தெரியாதவர்களுக்காக இந்த அஞ்சலியில் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். தோஹாவில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். தமிழ், மலையாளம், ஹிந்தி, அரபி நான்கிலும் சண்டை போடுவார். சண்டை போடத் தெரிந்தால்தான் ஒரு பாஷை தெரிந்ததாக அர்த்தம் என்பது அவர் கட்சி. காலையில் குழுவில் வேலைச் செய்தி போடுவார். மாலையில், வேலை தேடுகிறவர்களின் பயோடேட்டாவைத் திருத்தித் தருவார்.

பாண்டி அண்ணன் என்ற வெல்டிங் ஃபோர்மேன் தன் பயோடேட்டாவோடு வந்தது நினைவிருக்கிறது. நான் அப்போது ஆன்ட்டி வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

“ஏப்பா, பொழுதுபோக்குல கிரிக்கெட்டுக்குக் கீழயா அரபியப் போடுவ? சைட்ல பந்து வீசவா போற?”

“சும்மா போட்டு வச்சேங்க்கா.”

“சைட்ல யாரு சொல்லுதத யாருக்குச் சொல்லுத?”

“எஞ்சினியர் அரபில சொல்வாரு. நான் நேபாளிப் பசங்களுக்கு ஹிந்தில சொல்வேன். சும்மா ஒரு ஒத்தாசைதான்.”

“ஒத்தாசை இல்லப்பா, அதான் வேலை. மொத வரியில ஏத்து.”

“இது பயோடேட்டா இல்ல ஆன்ட்டி, பயடேட்டா” என்றேன் நான். மறுநாள் குழுவில் வந்த ஆன்ட்டியின் குரல் பதிவில் அந்தச் சொல் இருந்தது. என் பெயர் இல்லை.

நேர்காணலுக்கு அவர் வைத்திருந்த பயிற்சி விசித்திரமானது. தெரியாத எண்ணிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், மேனேஜர் மாதிரி கூப்பிடுவார். எடுத்தவர் தடுமாறினால் அங்கேயே பாடம் தொடங்கிவிடும். “சொல்லிட்டா வருவான் கஃபீல் மொதலாளி? எப்ப அடிச்சாலும் நாக்கு ரெடியா இருக்கணும்.”

இந்தப் பயிற்சிக்கு விதை போட்டவன் அடியேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில், அப்பாவின் பழைய சிம்மில் இருந்து, ஒரு பெரிய மருத்துவமனையின் மேனேஜராக அவரைக் கூப்பிட்டேன். என்னுடையது அரபி அல்ல, அரை அரபி. ஆங்கிலத்தில் தோய்த்துச் சமாளித்தேன். இருபது நிமிடம் பணிவாகப் பதில் சொன்னார். “எங்களிடம் ஏதும் கேட்க விரும்புகிறீர்களா?” என்று முடித்தேன்.

“ஆமா சார். பின்னால உங்கம்மா குக்கர் நாலு விசில் அடிச்சாச்சு. அடுப்ப அணைச்சிட்டு வந்து பேசுதியளா?”

திட்டு விழும் என்று பார்த்தால், படியிறங்கி வந்து சொன்னார்: “நல்லாத்தாம்ல கேட்ட. எங்கிட்ட இதெல்லாம் இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல. இனியும் கூப்பிடு. ஆனா சொல்லாம கூப்பிடு.”

அவருக்கு அது விளையாட்டில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிளினிக்கில் டாக்டருக்கு அரபி, நோயாளிக்குத் தமிழ். நடுவே நிற்பது இவர் வேலையே அல்ல, ஆனால் தினமும் பத்து முறை உள்ளே கூப்பிடுவார்கள். அவர் லீவில் இருந்த ஒரு நாள் தொழிலாளர் கேம்ப்பில் இருந்து ஒருவர் வந்து “நெஞ்சடைக்குது” என்றாராம். பக்கத்தில் இருந்த யாரோ அதை ‘வாயு’ என்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள். மாத்திரையோடு திரும்பிப் போனவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதைச் சொன்ன அன்று ஆன்ட்டி முறுக்கு டப்பாவைத் திறக்கவேயில்லை. “ஒத்தாசைன்னா லீவு போடலாம்ல. வேலைன்னா எனக்குப் பதிலா இன்னொரு ஆளு அங்க இருந்திருக்கும்.”

அதன் பிறகுதான் ஒரு பெரிய மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். தன் பயோடேட்டாவைத் தானே பதினொரு முறை திருத்தினார். நான் விதவிதமான எண்களில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே ஒரு முறை தவிர. அந்தக் கதையை லிஃப்ட்டில், பிறந்தநாள் விருந்தில், உங்களில் பாதிப் பேரிடமாவது நான் அளந்திருப்பேன். இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஆன்ட்டி சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

“ஏலே, இன்னிக்குக் காலைல பதினோரு மணிக்குக் கூப்பிட்டுப் பண்ணினியே, அதாம்ல நடிப்பு! சுத்தமான அரபி. ஒரு எடத்துல கூட மாட்டல. நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வரணும்னியே, மறுநாளே எவன் வரச் சொல்லுவான்? அதுலதான் எனக்கு ஒறச்சுது. ‘மொதல்ல குக்கர அணைல’ன்னுட்டு வச்சுட்டேன்.”

நான் காலரைத் தூக்கிவிட்டேன். “நாங்கல்லாம் யாரு ஆன்ட்டி!”

இதுதான் என் புகழ்பெற்ற கதை. மிச்சத்தை இன்றுதான் சொல்கிறேன்.

பிறகு வாரக்கணக்கில் அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “ஆஸ்பத்திரில இருந்து இன்னும் கூப்பிடலயே மாமா” என்று தன் கணவர் முருகேசன் மாமாவிடம் சொல்வது எங்கள் வீடுவரை கேட்கும். நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். “ஏம்ல, பயிற்சி குடுக்க மாட்டேங்க?” என்று ஒருமுறை கேட்டார். பரீட்சை என்றேன்.

நெஞ்சு வலியை நான்கு பாஷையில் கேட்டுச் சொன்னவர், தன் வலியை ஒரு பாஷையிலும் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவரை ஊருக்கு அனுப்பினோம். சவப்பெட்டிமேல் ஒட்டிய தாளில் பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் ‘ரிசப்ஷனிஸ்ட்’ என்று இருந்தது. மாமா அந்தத் தாளின் ஓரத்தை விரலால் தடவித் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் பள்ளியில் இயற்பியல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். என் போன் வீட்டு டிராயரில் கிடந்தது. நண்பன் எவனாவது செய்திருப்பான் என்று மனதைச் சமாளித்தேன். ஒவ்வொருவனாகக் கேட்டும் பார்த்தேன். எவனும் இல்லை. அந்தளவு சுத்தமான அரபி எங்களில் யாருக்கும் வராது. அன்று மாலையே சொல்லியிருந்தால் அவர் அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டிருப்பார். பாராட்டு நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

போய் வாருங்கள், ஆன்ட்டி. அன்றைக்குக் கூப்பிட்டது நான் இல்லை.