பக்க ஓரத்தில் நான் எழுதியது

பழுப்பு உறை போட்ட புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு அக்கா தன் இடத்துக்குப் போனார். உப்பளம் என்ற பகுதியில் எங்கள் அலுவலகம் இருந்த காலம்; மதியச் சாப்பாட்டு நேரம். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கிண்டல் செய்யாமல் அவர் போனதே இல்லை. அன்று போனார்.

கடிதங்களுக்கு எண் போட்டு அனுப்பும் பிரிவில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் டெஸ்பாட்ச் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்களைச் சேர்த்து வைத்தவை பேய்க் கதைகளும் உண்மைக் கொலை வழக்குப் புத்தகங்களும்தான். மற்றவர்கள் புடவை பற்றிப் பேசும்போது நாங்கள் பிணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். "சுமார்தான்டி. பேய் வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சி" என்பார். நான் சொன்ன புத்தகம் பிடித்துப்போனால், "பாவி, ரெண்டு நாளா பாத்ரூம் போவக்கூட வீட்டுக்காரரத் தொணைக்குக் கூப்புடுறேன்" என்று முதுகில் ஒன்று வைப்பார்.

எங்களுக்குள் இரண்டு விதிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது. பின்னட்டை வாசகம்கூடத் தெரியாதபடி உறை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது, கொலையாளி யாரென்று தெரியும் முன்பே நம் ஊகத்தைப் பென்சிலால் பக்க ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அடுத்துப் படிப்பவர் அதன் கீழே தன் ஊகத்தை எழுதுவார். அக்காவின் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அதில் பொறாமை.

அந்தப் புத்தகம் ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ஒருவர் தன் வழக்குகளைப் பற்றி எழுதியது. பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருந்தார். ஒரு வழக்கில், தையற்கடைக்கு ரவிக்கை வாங்கப் போன பெண் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தாள். அடையாளம் காட்ட வந்த மூத்தவள் அழவில்லை, தங்கையின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள் என்று அதிகாரி எழுதியிருந்தார். நான் ஓரத்தில் எழுதினேன்: "இவள்தான். கல்நெஞ்சக்காரி." கடைசிவரை யாரும் பிடிபடவில்லை. என் ஊகம் தவறென்று சொல்ல அந்தப் புத்தகத்தில் யாரும் இல்லை. "இதப் படிக்காம இருந்துடாதீங்கக்கா" என்று கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது என் வரியின் கீழே அவருடைய குண்டு குண்டான கையெழுத்து: "அந்த மூத்தவள் நான்தான்."

ஓடினேன். "எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுதான். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார், எண் போடுவதை நிறுத்தாமல்.

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அப்புறம் ஏன்க்கா இதெல்லாம் படிச்சீங்க?"

"மத்த புக்குல எல்லாம் கடைசில ஒருத்தன் மாட்டுறான்ல. அதுக்குத்தான், மேடம்."

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். ஒருமுறைகூட அவர் என்னை "டி" போட்டுக் கூப்பிடவில்லை.

ஓய்வு பெற்று மூலக்குளத்தில் இருப்பவரைச் சென்ற மாதம் தேடிப் போனேன். காபி கொடுத்தார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "மன்னிக்க இன்னா இருக்கு மேடம்? நீங்க எழுதுனதத்தான் போலீசும் எங்கிட்ட கேட்டுது" என்றார். வாசல்வரை வந்து, "பொண்ணு டியூஷன் போவுதா? நேரத்தோட வரச் சொல்லுங்க" என்றார். அது அக்கறையா, வேறு ஏதாவதா? எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. சாப்பிடும்போதுகூடக் காதில் கொலைக் கதை ஓடுகிறது. "நல்லா பயமா ஒரு புக்கு சொல்லேன்மா" என்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறேன்.

நேற்று டியூஷன் முடிந்து இருபது நிமிடம் ஆகியும் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் மெயின் ரோடுவரை ஓடினேன். தள்ளுவண்டி அருகே தோழிகளோடு நின்றிருந்தாள். "இன்னாம்மா நீ, பானிபூரிதான சாப்புடுறேன்" என்று சிரித்தாள். எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டேன். அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டை நோக்கி நடந்தாள். பின்னால் நடந்து வரும்போதுதான், அந்த மூன்று நாளும் அக்கா எங்கெங்கே ஓடியிருப்பார் என்று முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன். பென்சிலும் கையுமாக அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அது தோன்றவே இல்லை.