காதுக்காரர் ஸ்பீக்கர் வாங்கிய கதை

காதுக்காரரின் காதுக்கு ஈடான காது இந்தப் பூமியில் கிடையாது. நாலு தெரு தள்ளி ஓர் எறும்பு தும்மினால், அது ஜலதோஷத் தும்மலா தூசித் தும்மலா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். சரி, நாலு தெரு கொஞ்சம் கூடுதல்தான், எறும்பும் கூடுதல்தான். ஆனால் லிஃப்ட் என்று வந்துவிட்டால் ஒரு சொல்கூட மிகையில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். மூடிய கதவில் காதை ஒட்டிவைத்து, "அஞ்சாவது மாடியில கதவு உருளை தேஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அப்பேர்ப்பட்ட காது குடியிருந்த வீட்டில்தான் சினிமா ஊமையாகிக் கிடந்தது.

கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர்கள். வயலின் போட்டால், வாசிப்பவர் எதிரே வந்து உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார் போலிருக்கும். சினிமா போட்டால் கதாநாயகி சொல்லும் ரகசியம் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். சத்தத்தைக் கூட்டினாலோ, அடுத்த நொடியே குண்டு வெடித்து, கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்.

மனைவியால் இதைப் பொறுக்க முடியவில்லை. அம்மணி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். யார் வாயிலிருந்து வந்தாலும் ஒரு சொல் தவறிப்போனால் அவருக்கு அன்று தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்மாடியிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் படம் பார்க்க ஆரம்பித்தார். சோபாவில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி, ஆளில்லாமல் மெல்ல மேடாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் காதுக்காரரே பேச்சை எடுத்தார்.

"பழசைத் தள்ளிட்டு, பாட்டுக்கும் படத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். நீயும் வா."

"நான் எதுக்குங்க? காது உங்களோடதுதானே?"

"சும்மா, துணைக்கு."

கடையில் மங்கலான ஓர் அறை. முதலில் மேசை அளவுப் பெட்டி ஒன்றில் சினிமா முழங்கியது. நாற்காலியெல்லாம் நடுங்கிற்று.

"அப்படியே தியேட்டர், சார்!" என்றார் கடைக்காரர்.

"தியேட்டர் இல்லப்பா. கயிறு அறுந்து லிஃப்ட் விழுற சத்தம்."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கைப்பையின் மேல் மனைவியின் ஆள்காட்டி விரல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. தொழில் பழக்கம், வசனத்தைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறது! சொல் புரியாத இடத்தில் விரல் அந்தரத்தில் தொங்கியது. அந்தப் பெட்டிக்கு அது தொங்காத இடமே இல்லை.

அடுத்து, ஒல்லியாக நீளமாக ஒன்று. விரல் ஓடியது. ஆனால் வயலின் போட்டதும் காதுக்காரரின் முகம் சுருங்கியது. "வாசிக்கிறவரை எந்த டப்பாவுல போட்டுப் பூட்டினீங்க?"

மூன்றாவதாக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் சின்னதாக ஒன்று. "வசனமெல்லாம் நடுவுல வரும், சார். பாட்டை ஓரத்துல இருக்கிற ரெண்டும் பாத்துக்கும்." மழையில் ஒரு சண்டைக் காட்சி ஓடியது. இடி இடித்தது, யாரோ கிசுகிசுத்தார்கள், விரல் நிற்கவேயில்லை. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தது.

"இதையே கட்டுங்க!"

"சார், வயலின் கேட்டே பாக்கலையே?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு. கட்டுங்க."

வீட்டில் மாட்டிவிட்டு வயலினைப் போட்டார். வாசிப்பவர் எதிரே வந்து உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி, வாசல் கதவோரமாக உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டுமானால் அவரே எழுந்து வருவார் என்று காதுக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையே கீழே இறங்கி வந்தாள். அம்மணி தன் குழியில் அம்சமாக அமர்ந்திருந்தார். படம் முடிந்ததும் தங்கை அசந்துபோனாள். "ஒரு வார்த்தை விடாம கேக்குது மாமா! உங்க காதே காது!"

காதுக்காரர் மீசையைத் தடவினார். "பின்னே? கண்ணை மூடினேன், காதைத் தீட்டினேன், சட்டுனு புடிச்சுட்டேன்."

"கண்ணை எங்கடி மூடினார்?" என்றார் மனைவி. "என் விரலையே முறைச்சுப் பாத்துட்டிருந்தார். எனக்கு அந்த மூணாவதுலயும் ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு. நிறுத்தினா இன்னும் பத்து ஸ்பீக்கர் கேக்க வைப்பாரேன்னு விரலைச் சும்மா ஓட்டிட்டேன்."