துரைசானி கேட்ட வட்டம்

பூந்தமல்லியில் பட்டாளத்துத் துரைசானி, சூடான டீ கெட்டிலுக்கு அடியில் வைக்க ஆறு வட்ட விரிப்புகள் கேட்டிருந்தாள். மிஷன் பள்ளியில் கற்றபடி கொக்கி ஊசியால், கற்றாழை நாரில் பின்னினேன். மடலை ஊறவைத்து நார் உரித்ததில் முழங்கை வரை அரிப்பு. வட்டம் என்றால் என் கைக்குத் தெரிந்தது, குடம் சுமக்கத் தலையில் வைக்கும் சும்மாடுதான். அந்தப் பழக்கத்தில் நடுவே ஓட்டை விட்டே ஆறையும் முடித்துவிட்டேன்.

துரைசானி வீட்டுப் பட்லர் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நடுவுல இன்னாத்துக்கு ஓட்டைன்னு கேக்குறாங்கமா."

இந்தப் பின்னல் நடுவில்தான் தொடங்கும். ஓட்டையை மூட முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்த நாரோ சுருண்டுகொண்டு, மறுபடி நனைத்து நீவாமல் ஊசிக்கு வராது. அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

சும்மாடாகவாவது ஆகட்டும் என்று அம்மா ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். குடத்தோடு திரும்பியவள் அதை என் மடியில் எறிந்துவிட்டு உச்சியைச் சொறிந்தாள்.

"மண்டையெல்லாம் அரிக்குதுடி. இது மனுசத் தலைக்கு ஆவாது."

கெட்டிலுக்கு அரிக்காது. அதையும் சேர்த்துப் பிரிக்க ஆரம்பித்தேன்.