டாக்கார் மலையில் உடைத்த தேங்காய்

நான் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பம்பு, வால்வு ரிப்பேர் பார்ப்பேன். வீடு திருவொற்றியூரில். போன வருடம் எங்கள் கப்பல் டாக்கார் துறைமுகத்தில் நின்றபோது நடந்ததைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். டாக்கார் என்பது ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள செனகல் நாட்டின் தலைநகரம். அங்கே எதைப் பார்க்கலாம் என்பதோடு, பார்க்கிற இடத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதும் இதில் வரும்.

ஏழாவது படிக்கும் என் மகளின் வகுப்பில் ஆளுக்கு ஒரு தலைநகரம் கொடுத்திருந்தார்கள். அங்குள்ள வழிபாட்டு இடங்கள், பார்க்க வேண்டிய இடங்கள் பற்றிப் பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் சார்ட்டில் படம் ஒட்டினார்கள். இவள் எழுந்து, "எங்க நைனா இப்போ அங்கதான் கீது. வீடியோல நேராவே காட்டும்," என்று சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் நம்பாமல் 'அல்டாப்பு' என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீ காட்டலன்னா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன் நைனா," என்றாள் போனில்.

அவர்களுக்கு மத்தியானம் மூன்றரை என்றால் எங்களுக்குக் காலை பத்து. லீவு கேட்டு இறங்கினேன். கப்பல் சமையல்காரரும் கூட வந்தார். ராயபுரத்துக்காரர், என்னைவிடப் பெரியவர், நான் மாமு என்றுதான் கூப்பிடுவேன்.

முதலில் கடலோரத்து மசூதி. இரண்டு மினார்கள், இரண்டும் நல்ல உயரம். அதன் காலடியில் மணல், மணல் முழுக்க வர்ணம் பூசிய நீளப் படகுகள். டீச்சரின் போனை வகுப்புத் திரையில் இணைத்திருந்தார்கள். நான் காட்ட ஆரம்பித்தேன்.

"நைனா, மசூதிய காட்டு. போட்டையே காட்டிகினு கீற."

"பின்னாடி தெரியுது பாரு."

"பின்னாடி தெரியறது இஞ்சினு."

உண்மைதான். அந்த இஞ்சினை மாட்டியிருந்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மினாரைக் காட்டினேன்.

அடுத்தது பக்கத்திலேயே ஒரு குன்று. உச்சி வரைக்கும் படிக்கட்டு. மேலே மலையளவு வெண்கலச் சிலை: அப்பா, அம்மா, அப்பாவின் கைமேல் குழந்தை. எங்கள் பக்கத்து ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் போகும்போது கோயில் வந்தாலும், மாதா கோயில் வந்தாலும், தர்கா வந்தாலும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். குன்று, படிக்கட்டு, அப்பா அம்மா பிள்ளை. வேறு என்ன நினைப்போம்?

"குடும்பத்தோட நின்னுகினு கீற சாமிப்பா, வெறுங்கையோட போவக் கூடாது," என்றார் மாமு. படிக்கட்டின் கீழே கூடை வைத்து விற்ற அம்மாவிடம் தேங்காய் வாங்கினார். செருப்பைக் கீழேயே விட்டோம். வெயிலில் படி தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு படிக்கு ஒரு தடவை 'அப்பா' என்று ஏறினேன். அதை வகுப்பு பக்தி என்று எடுத்துக்கொண்டது.

மேலே போனதும் மாமு மூன்று சுற்று சுற்றி, கடைசிப் படியின் விளிம்பில் தேங்காயை அடித்தார். சரிபாதியாக உடைந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"நல்ல சகுனம்," என்றார் மாமு.

போனில் டீச்சரின் குரல் கேட்டது. "சார், அது சாமி இல்ல சார். சிலை."

வகுப்பே சிரித்தது. "அல்டாப்பு, உங்க நைனா சிலைக்கு தேங்கா ஒடைக்குது," என்று ஒரு பிள்ளை கத்தியது. என் மகளின் முகம் திரையில் ஓரமாகத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன் பிரெஞ்சில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இஞ்சின் ரூம் இங்கிலீஷ்.

வேறு வழி தெரியாமல் போனை அவர் பக்கம் திருப்பினேன். திரை நிறையப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்விட்டது. கையை ஆட்டினார். பிறகு குனிந்து, ஒரு மூடியை எடுத்து, மண்ணைத் தட்டி, சில்லு பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டு, சிலையின் குழந்தையைக் காட்டி, கடலைக் காட்டி, ஏதோ விளக்கினார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமு.

"எனக்குத் தெரியும்," என்றாள் என் மகள். எழுந்து நின்றிருந்தாள். "அந்தக் கொயந்த கடல் பக்கம் கை காட்டுது. அந்தக் காலத்துல இவங்க ஆளுங்கள அடிமையா புட்ச்சி அந்தக் கடல் வழியாதான் கப்பல்ல இட்டுகினு போனாங்க. இப்போ எங்க நாடு எழுந்துச்சு, நாங்க நிமுந்து நிக்கறோம்னு வச்ச சிலை. எங்க நைனாவுக்குத் தெரியாது, நான்தான் படிச்சேன்."

டீச்சர் இன்னும் சொல்லு என்றார். சொன்னாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு, அவள் காட்டச் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். சூடு தாங்காமல் ஒற்றைக்காலில் நின்றேன்.

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அந்த வாட்ச்மேனாண்ட கேளு, தேங்கா எப்டி கீதுன்னு," என்றாள்.

"அவரு தின்னுகினு கீறாரு. கையத் தூக்கிட்டு கேளு," என்றாள் என் மகள், டீச்சர் மாதிரி.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.