பலகையில் இருந்த டாக்டர்

எங்கள் வீட்டு கேட்டில் தொங்கும் பலகையில் என் பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் சிக்கல் இல்லை. பட்டத்தைச் சுருக்கிப் போட்டு ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது. தமிழ் வரிக்கு வந்தபோதுதான் நான் யோசித்தேன். முனைவர் என்று எழுதுவதே முறை. ஆனால் இந்த மலையாள ஊரில், எங்கள் பகுதியான ஸ்ரீவராகத்தில், தமிழ் பேசும் வீடுகளிலேயே முனைவர் என்றால் யார் என்று கேட்பார்கள். ஏழு வருடம் பட்ட பாடு தெருவுக்குத் தெரியாமல் போவதா? டாக்டர் என்றே எழுதச் சொன்னேன். அகம்பாவம்தான், வேறென்ன.

கல்லூரியில் மொழியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்த டாக்டர் என்ற சொல்லைத்தான் எடுப்பேன். லத்தீனில் அதன் வேர் கற்பித்தலைக் குறிப்பது. டாக்டர் என்றால் சொல்லிக்கொடுப்பவர், அவ்வளவுதான். மருத்துவம் படித்தவர்களும் அந்தப் பட்டத்தை வாங்கினார்கள், நாளடைவில் ஜனங்கள் அதை அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். நம் பக்கத்திலும் கதை அதேதான். வித்தை தெரிந்தவர் என்ற பொருளில் பிறந்த சொல்தான் வைத்தியர். பண்டிதர் என்று இலக்கணம் படித்தவரையும் சொன்னார்கள், சூரணம் இடித்துக் கொடுப்பவரையும் சொன்னார்கள். முனைவர் மட்டும்தான் மருந்து வாசனை படாமல் நிற்கிறது. இதைச் சொல்லி முடிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

அன்று சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். விடைத்தாள் கட்டை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். திருத்துவது என் பிறவிக் குணம். ஓட்டல் பலகையில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட எனக்குக் காபி இறங்காது. அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். எங்கள் தெருக்கோடியில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்கு வருகிறவள். தென்காசிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த தாள்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்கு விழிஞ்ஞத்துல துறைமுக வேல. கால்ல கம்பிக்கட்டு விழுந்துட்டு. பெரியாஸ்பத்திரியில எலும்பு வார்டுல கெடக்காரு. கால முறிக்கணும்னு சொல்லுதாவ. முறிச்சு வச்சா சேந்துருமாம்மா?"

டாக்டரம்மா என்று அவள் சொன்னதற்குப் பிறகு வந்தது எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. பேனா ஏற்கெனவே கையில் இருந்தது.

"நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லைம்மா. இது படிச்சு வாங்கற பட்டம். தமிழ்ல முனைவர்னு சொல்லணும்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னும் நாலு வாக்கியம் விளக்கினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அப்படியாம்மா. பலகையில தமிழ்ல எளுதியிருக்கேன்னு வந்துட்டேன். ஒண்ணுமில்ல, கையெளுத்துப் போடச் சொன்னாவ. போட்டுருதேன்."

அவள் போய்விட்டாள். நான் மறுபடி விடைத்தாளில் உட்கார்ந்தேன். ஒரு சிரிப்பு வந்ததும் உண்மை. அடுத்த வருட முதல் வகுப்புக்குச் சொல்ல நல்ல சம்பவம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

பதினொன்றரை மணிக்குச் சமையலறையிலிருந்து குரல் வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் மலையாளி. "டீச்சரே, மத்தங்ஙா முறிக்கட்டே?" என்று கேட்டாள். ஆம் என்று எழுந்து போனேன். முழுப் பூசணிக்காயைப் பலகையில் வைத்துக் கத்தியை இறக்கினாள். அது இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கொன்றாய்ச் சாய்ந்தது.

கால முறிக்கணும் என்று காலையில் வந்தவள் சொன்னது அப்போதுதான் என் காதில் ஏறியது.

என் ஆய்வே அதுதான். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள். முறி என்ற சொல்லுக்கு மட்டும் அதில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். தமிழில் முறித்தால் ஒடிப்பது. எலும்பு முறிவு என்போம், கட்டுப் போட்டால் சேரும் என்போம். கோணலாகச் சேர்ந்த எலும்பை முறித்து நேராக வைத்துக் கட்டுவதும் உண்டு. மலையாளத்தில் முறிப்பது என்றால் வெட்டுவது, துண்டாக்குவது. இதற்காகத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை என் வாசலிலேயே ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். நான் வேறொரு சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தேன். கவரில் இருந்த தாளையாவது காட்டச் சொன்னேனா? அதுவும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசை, அனுமதிச் சீட்டு, மாடிப்படி. எலும்பு வார்டில் வராந்தாச் சுவரில் சாய்ந்து அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கவர் இல்லை. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டுட்டேன்மா. ஏன்?"

பக்கத்து மேஜையிலிருந்த நர்ஸிடம் போனேன். சின்னப் பெண். பொறுமையாகத்தான் பேசினாள். கம்பி விழுந்த காயத்தை ஒரு வாரம் துணி சுற்றியே வைத்திருந்திருக்கிறார்கள். முட்டிக்குக் கீழே அழுகி, விஷம் மேலே ஏறுகிறது. அறுவை சிகிச்சை சாயங்காலம். தள்ளிப்போட்டால் உயிருக்கு உறுதி இல்லை. அவர் காய்ச்சலில் கிடந்ததால் மனைவியிடம் சொன்னார்களாம்.

"அவளுக்குப் புரியலையே" என்றேன் மலையாளத்தில்.

நர்ஸ் திகைத்துப்போனாள். "ஞான் தமிழில் தன்னெ பறஞ்ஞு, டீச்சரே. கால் முறிக்கணும் என்னு."

அவள் மேல் என்ன தப்பு? தெரிந்த மட்டும் தமிழில் சொல்லியிருக்கிறாள். இவளும் கேட்ட மட்டும் புரிந்துகொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே நிற்க வேண்டியவள் பத்து மணிக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். மலையாளத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே தமிழில், ஒவ்வோர் எழுத்தாக அழுத்திப் போட்ட கையெழுத்து.

வராந்தாவுக்கு வந்து, அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவளே கேட்டாள்.

"எளுதியிருக்கத அப்படியே சொல்லுங்கம்மா."

சொன்னேன். இங்கே முறிப்பது என்றால் வெட்டுவது என்று சொன்னேன். முட்டிக்குக் கீழே என்று என் காலிலேயே தொட்டுக் காட்டினேன். எடுக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்பதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கை நின்ற இடத்தையே பார்த்தாள்.

"நான் அவருகிட்ட சேந்துரும்னு சொல்லிட்டேனே" என்றாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்னால ஏலாது. நீங்க வந்து சொல்லுங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் சிமென்ட் சொரசொரப்பு இருந்தது.

அவர் விழித்திருந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. காலைப் போர்வை மூடியிருந்தது. யாரிது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இவுக டாக்டரு" என்றாள் அவள். "நம்ம பாசையில சொல்லுவாவ."

காலையில் கேட்டில் நின்று நான் திருத்திய அதே சொல். இப்போது திருத்த வாய் வரவில்லை.

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். "முறிச்சு வச்சா எத்தன நாள்ல சேரும், டாக்டரம்மா?"

"சேராதுப்பா" என்றேன். "முறிக்கப் போறதில்லை. முட்டிக்குக் கீழ எடுக்கப் போறாங்க. எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். நான் டாக்டர் அல்லவா.