மாதப்பன் பிடித்த லேப்டாப்

காரிமங்கலம் சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கும் தரகர் மாதப்பன், என் அக்காள் வீட்டுக்காரர். முப்பது வருஷமாகத் தான் பிடித்த மாடு சோடை போனதில்லை என்று நாளைக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தருமபுரியில் எம்.காம். படிக்கும் மகள் கனிமொழிக்கு லேப்டாப் வாங்க அவளோடு போனபோது என்னையும் கூட்டிப் போனார். ஜெராக்ஸ் கடைக்காரன் என்ற மரியாதை. அதுவும் வாசலோடு சரி.

"பஸ்சுல தூக்கிட்டுப் போற புள்ளைக்கு லேசா ஒண்ணு போதுங்க மாமா" என்று மெலிசான ஒன்றைக் காட்டினேன்.

"இதென்ன மச்சான், நோஞ்சானாட்டம்!" என்று தள்ளிவிட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கேமிங் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். பின்னால் உள்ளங்கையை வைத்தார். சூடாக மூச்சு விட்டது. "இதான் உழைக்கிற சாதி" என்றவர், மாட்டுச் சந்தை வழக்கப்படி விற்பனையாளரின் கையைத் துண்டுக்குள் இழுத்து, விரலை அழுத்தி விலை பேசினார். அந்த ஆள் மிரண்டுபோய் மேனேஜரைக் கூப்பிட்டார். என் மானமே போயிற்று.

அப்புறம் கனிமொழி பட்ட பாடு! லேப்டாப்பையும் செங்கல் மாதிரி ஒரு சார்ஜரையும் சுமந்து பஸ்சில் நின்றுகொண்டே போனாள். வகுப்பில் திறந்தால் அதன் விசிறிச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் புராஜெக்ட் செமினாரில் பிளக் பாயின்ட் எட்டாமல் பாதிப் பேச்சில் திரை அணைந்தது. அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். என் கடைக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க மாமா."

நான் சும்மா இருப்பேனா? சந்தைக்கே போய்ப் போட்டு உடைத்தேன். மாதப்பன் முகம் சுண்டிப்போயிற்று.

கேமிங் லேப்டாப் தேடி அலைந்த இன்ஜினியரிங் மாணவன் பூவரசனை நான்தான் பிடித்தேன். கட்டட டிசைன் போட அவனுடைய மெலிசான லேப்டாப் திணறுகிறதாம். மாற்றிக்கொள்ளச் சம்மதித்தான். மாதப்பன் அவனிடம், "பாரம் தம்பி. சத்தம் போடும். கரண்டு இல்லன்னா படுத்துக்கும். நான் புடிச்சது தப்பு" என்றார். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

செமினார் நன்றாக முடிந்த அன்று மாதப்பன் போன் செய்தார். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் இறங்கியது. "எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல அந்தப் புள்ள?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கடையில புள்ளயும் கூடத்தான நின்னுச்சு? உனக்கு எது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் கேட்கவில்லை.