தட்டு மாறிய கண்ணாடிகள்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. கடைகளிலிருந்து வரும் ஃபிரேம்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டாக அவள் மேஜைக்கு வரும். லென்ஸின் விளிம்பைத் தீட்டி, பவர் சரிபார்த்து, பொருத்தி, துடைத்து அதே தட்டில் வைத்து அனுப்புவாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பக்கத்து மேஜைக்காரியோடு கதையடிக்கும். அந்தப் பக்கத்து மேஜைக்காரிக்கு மைனா என்று பட்டப்பெயர். அவள் வாயை மூடவைக்க மெஷின் சத்தத்தாலும் முடியாது.

புதிதாக வந்த சூப்பர்வைசர், கீறல் விழுந்த லென்ஸ்களைக் காட்டி, "பரவாயில்ல, போட்டு அனுப்புங்க" என்றார். அவள் அனுப்பவில்லை. தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து விசாரித்தபோது நடந்ததை நடந்தபடி சொல்லியும் விட்டாள். சூப்பர்வைசர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவள் அனுப்பிய கண்ணாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒருத்தர் கண்ணாடி இன்னொருத்தர் தட்டில் இருந்தது. சூப்பர்வைசர் அதை எல்லோர் முன்னாலும் அவள் மேஜையில் வைத்து, "அம்மாவுக்குக் கண்ணுல கோளாறா, இல்ல தலையிலயா?" என்று கேட்பார். சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அவள் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்து அனுப்பினாள். வேலை மெதுவாகிவிட்டது என்று அதற்கும் திட்டு விழுந்தது. கண்ணாடி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

டீ குடிக்கும் இடத்துக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். மைனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை இருக்கு."

மைனாதான் கண்ணாடிகளை மாற்றுகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணால் பார்த்ததில்லை. மறுநாள், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் மறுபடி அதே நினைப்பு. ஒருநாள் அவளுடைய வெள்ளைக் கோட்டு கழிவறைக் குப்பைத்தொட்டியில் கிடந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் இருந்த ஒருவரையும் அவள் நம்பவில்லை.

அந்தச் சந்தேகம் வீட்டுக்கும் வந்தது. புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவர் பால்கனியில் நின்று போன் பேசினால் இவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

"யாருகிட்ட பேசினீங்க?"

"உங்க அக்காகிட்டதான்."

"எங்க அக்காகிட்ட உங்களுக்கு என்ன ரகசியம்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒருநாள் காலை பஸ்ஸில் அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. கால் எழவில்லை. கடைசி நிறுத்தம்வரை போனாள். பஸ் காலியான பிறகும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்காதான் வந்து அழைத்துக்கொண்டு போனாள், நேராக மனநல மருத்துவரிடம். அவள் லீவில் இருக்கும்போதே கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. அக்கா அடுத்து வக்கீலிடம் அழைத்துப் போனாள்.

வக்கீலம்மா முழுக்கக் கேட்டார். "கால் ஒடிஞ்சா எக்ஸ்ரே காட்டலாம். மனசு ஒடிஞ்சதுக்கு டாக்டர் சொல்லுவாரு. ஆனா ஒடைச்சது யாருன்னு உங்ககூட வேலை பார்த்தவங்கதான் சொல்லணும். யாராவது வருவாங்களா?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க."

"பார்ப்போம்" என்றார்.

கேஸ் போட்ட பிறகு, கம்பெனி அனுப்பிய டாக்டர் ஒருநாள் அவளைப் பரிசோதித்தார். "உங்களுக்கு எதிரா ஏதோ நடக்கற மாதிரி தோணுதா?" என்று கேட்டார்.

"நீங்க எழுதறதைக் கையால மறைச்சுக்கிட்டே எழுதறீங்க. அப்ப எனக்கு என்ன தோணணும்?"

அவர் கையை எடுக்கவில்லை. சுபாவத்திலேயே சந்தேகக்காரி, கம்பெனிக்கு இதில் சம்பந்தமில்லை என்பதுதான் எதிர்த்தரப்பு வாதமாக வந்தது.

கோர்ட் கேண்டீனில் தன் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் சேர்ந்து டீ குடித்துச் சிரிப்பதைப் பார்த்தாள். அன்றே போய்க் கேட்டுவிட்டாள்.

"தினமும் பார்க்கற முகம். டீ குடிப்போம், உள்ள போய் சண்டை போடுவோம்" என்றார் வக்கீலம்மா. "நம்பிக்கை இல்லன்னா சொல்லுங்க. கேஸ் கட்டை இப்பவே எடுத்துத் தர்றேன்."

அவள் "இருக்கட்டும்" என்றாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. வேறு வக்கீலைத் தேடிப் போனால் அவரையும் சந்தேகப்படவேண்டியிருக்கும்.

கம்பெனி தன் சாட்சியாக மைனாவைக் கூட்டிவந்தது. அந்த அக்கா யாரையும் நம்பமாட்டாங்க, என்னைக்கூட முறைச்சுப் பார்ப்பாங்க என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். பிறகு வக்கீலம்மா எழுந்தார்.

"உங்களைச் சந்தேகப்பட்டாங்க. சரி. காரணம் இல்லாமலா?"

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"காரணம் இருந்துச்சு" என்றாள் மைனா. "தட்டு மாத்தினது நான்தான். சூப்பர்வைசர் சொன்னாரு. அவங்க டீக்குப் போற நேரமா பார்த்து மாத்துவேன். யாரும் பேசக்கூடாதுன்னும் சொன்னாரு. முடியாதுன்னா அடுத்தது நீதான்னாரு."

அப்படியானால் எனக்குப் பைத்தியம் இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. உடனேயே இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சந்தேகம் உண்மை என்றால் மற்ற சந்தேகமெல்லாம்? பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷனையும் அக்காவையும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் மனம் உடனே அடங்கவில்லை.

வெளியே வராந்தாவில் மைனா காத்திருந்தாள். "மன்னிச்சிடுங்கக்கா."

"இதையும் யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

மைனா இல்லையென்று தலையாட்டினாள். இவள் நிற்காமல் போய்விட்டாள்.

அவள் மனநோய்க்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்றும், இழப்பீடும் மருத்துவச் செலவும் தரவேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்களாம். அங்கே இப்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று அவள் நினைப்பதுண்டு.

இப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் கடையில் வேலை. வைத்தியம் தொடர்கிறது. "இன்னும் சந்தேகம் வருது டாக்டர்" என்றாள் ஒருநாள். "வரட்டும். வந்தா மனசுல வெச்சுக்காம நேரா கேட்டுடுங்க" என்றார் அவர்.

போன வாரம் அவள் கடைக்குள் நுழைந்தபோது விற்பனைப் பெண்கள் இருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "நீங்களே பாருங்க, முதலாளி சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்காரு. யாரு சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

எட்டிப் பார்த்தாள். நிஜம்தான், தோளில் தையல் பிசிறு பிசிறாகத் தெரிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், கை கழுவப் போன சாக்கில் அங்கிருந்த கண்ணாடியில் தன்னையும் முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் வந்து மேஜையில் உட்கார்ந்தாள்.